சுரேன் அண்ணாவின் பச்சை பெல்ட்

முதல் நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கராம்பு வாசம்.

கல்லூரி மண்டபத்து வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஜப்பானிய மொழியில் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். "இச்... நி... சான்..." ஒவ்வொரு எண்ணுக்கும் முப்பது பேர் ஒன்றாகக் கால் மாற்றி வைக்கிறார்கள். ரப்பர் பாயில் அது ஒரே காலின் சத்தமாகக் கேட்கிறது. நான் மட்டும் வெளியே. என் உடம்பில் என்னுடையது அல்லாத ஒரு வெள்ளை உடுப்பு. அதன் கழுத்திலிருந்து கராம்பும் பூச்சி உருண்டையும் கலந்து மணக்கிறது.

பிந்தியதற்குப் பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. நாலு மணிப் பயிற்சிக்கு மூன்றரைக்கே தயாராகப் போய்விட்டேன். கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு, போனைத் தண்ணீர்க் குழாயின் மேல் சாய்த்து வைத்து, கராத்தே பெல்ட் கட்டும் விதத்தை ஒரு வீடியோவில் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. வீடியோவில் இருந்தவர் பாதி முடிச்சில் உறைந்துபோனார். நானும் பாதி முடிச்சில் நின்றேன். நாலாவது தடவைதான் அது முடிச்சு மாதிரி வந்தது.

நான் உள்ளே நுழைந்ததும் மதுஷா அக்கா திரும்பினார். அவர்தான் கராத்தே சங்கத்தின் தலைவி, கபில நிற பெல்ட். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. இடுப்பைப் பார்த்தார். பிறகு இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு வெற்றிடத்தை விரலால் காட்டினார்.

போய் நின்றேன்.

நான் செய்த பிழை முழுவதும் அவ்வளவுதான். என் இடுப்பில் இருந்தது பச்சை பெல்ட்.

உடுப்பு வந்த வழி

போன வாரம் இந்தத் தொடரில், சைக்கிள் ஓட்டப் பழகி நேராக வயலுக்குள் இறங்கிய கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த உக்குவெலை வாசகர் ஒருவர், "தங்கச்சி, நீங்க எதையாவது பழகிட்டுச் செஞ்சதுண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு இந்த அத்தியாயம் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே அறிவித்தல் பலகையில் இருந்த எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டேன். விவாதக் குழு, மரநடுகை, சிங்கள நாடகம், கராத்தே. மற்றவை ஒவ்வொன்றாகத் தானே உதிர்ந்துபோயின. கராத்தேக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். "உடுப்பு இருப்பவர்கள் போட்டு வரவும். இல்லாதவர்கள் ட்ராக் சூட்டில் வரலாம்."

ட்ராக் சூட்டில் போயிருக்கலாம். போயிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எங்கள் வீடு பல்லேபொலப் பக்கம். இரண்டு வளவு தள்ளிப் பெரியம்மா வீடு. பெரியம்மாவின் மகன் சுரேன் அண்ணா கண்டியில் வேலை செய்த காலத்தில் அங்கே ஒரு கிளப்பில் கராத்தே பழகினார். பிறகு கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய உடுப்பு, பெரியம்மா காய்ந்த கராம்பு கட்டி வைக்கிற அதே பெட்டியின் அடியில் இருந்தது.

"பூச்சி அரிக்கிறதுக்கு நீயாவது போடு," என்று பெரியம்மா எடுத்துத் தந்தார். அம்மா கையையும் காலையும் மடித்துத் தைத்தார். சட்டையைப் பிரித்தபோது உள்ளே பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது பச்சை பெல்ட்.

பெல்ட்டின் நிறம் தரத்தைக் காட்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளையில் தொடங்கி மேலே போக வேண்டும், பச்சைக்கு வர இரண்டு வருஷமாவது அடி வாங்கியிருக்க வேண்டும் என்றெல்லாம் தேடி வாசித்திருந்தேன். ஆனால் பெல்ட் இல்லாமல் அந்தச் சட்டை மூடி நிற்காது. போகும் வரைக்கும் கட்டிக்கொள்வோம், போனதும் சொல்லி வெள்ளை வாங்குவோம் என்று நினைத்தேன். அதற்காக பஸ்ஸில் உட்கார்ந்து சிங்களத்தில் ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்தேன். இது என் அண்ணாவுடைய பெல்ட், எனக்கு வெள்ளை வேண்டும்.

அந்த வாக்கியத்தை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு எண்ணிக்கை நிற்க வேண்டுமே. நிற்கவே இல்லை.

ஊதாத கிளாரினெட்

இப்படி வரிசையில் போய் நின்றுவிடுவது எனக்குப் புதிதில்லை.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் இருந்தபோது பேண்ட் குழுவுக்கு ஆள் சேர்த்தார்கள். வெள்ளைச் சப்பாத்துக்கும் தொப்பிக்கும் ஆசைப்பட்டு ஓடினேன். கிளாரினெட் ஒன்றைக் கையில் தந்தார்கள். எனக்கு அதிலிருந்து வாத்துச் சத்தம் மட்டும்தான் வந்தது. விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டது. மாஸ்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டி நாளில் மைதானத்தை முழுச் சுற்று நடந்தேன். கன்னத்தை உப்பினேன், விரலை ஆட்டினேன், மூச்சை மட்டும் விடவில்லை. பதினாறு பேர் ஊதினார்கள், பதினேழு பேர் நடந்தோம். அம்மா கூட்டத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "ஒன்னோட சத்தம் தனியாக் கேட்டுச்சு புள்ள," என்றார்.

அன்றைக்கு நான் படித்த பாடம் பிழையான பாடம். வரிசையில் நின்றால் போதும், மற்றவர்களின் சத்தம் நம்மையும் மூடிவிடும் என்று படித்துவிட்டேன்.

இரண்டாவது வரிசை

முன் வரிசையில் கபில நிறம், இரண்டாவதில் பச்சை, அதற்குப் பின்னால் மற்ற நிறங்கள், கடைசியில் வெள்ளை. இதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. முன்னால் நிற்பவர்களைப் பார்த்துச் செய்யலாம். ஒரு கால் நொடி பிந்தினால் போதும், செய்துவிடுவேன். கண் பார்த்ததைக் கை பிடித்துக்கொள்கிற ஆள் நான்.

வசதிக்குப் பின்னாலேயே பயமும் நின்றது. எனக்குப் பின்னால் வெள்ளை பெல்ட் கட்டிய பத்துப் பன்னிரண்டு பேர், என்னோடு அதே வாரம் சேர்ந்தவர்கள், என்னைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். நான் கையைப் பிழையாகத் திருப்பினால் எனக்குப் பின்னால் பத்துக் கைகள் பிழையாகத் திரும்பின. முதுகில் யாரோ சூடான இஸ்திரிப் பெட்டியை நீட்டிக்கொண்டு நிற்பது போலவே இருக்கும்.

முதல் நாள் முடிவில் மதுஷா அக்கா எந்தக் கிளப் என்று சிங்களத்தில் கேட்டார். வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. "கண்டி," என்றேன். சுரேன் அண்ணாவின் கிளப் இருந்த ஊர். ஓ, அங்கே முறை வேறு, அதுதான் உன் கை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறது என்று அவரே விளக்கமும் சொல்லிவிட்டார். நான் தலையாட்டினேன். என் முதல் பொய்யில் பாதியை மற்றவர்களே சொல்லித் தந்தார்கள் என்று எழுதலாம்தான். ஆனால் தலை என்னுடையது.

ரிஸ்னா எனக்கு வலது பக்கத்தில் நிற்பவள். கலேவெலக்காரி, வார நாட்களில் மாத்தளை டவுனில் அவளுடைய சாச்சி வீட்டில் தங்கியிருந்தாள். உண்மையான பச்சை பெல்ட். காதோடு ஒட்டிய கறுப்புத் துணியால் தலையை இறுக்கி, இரண்டு பக்கமும் ஊசி குத்தியிருப்பாள். அவளுடைய கைக்கு அந்த மண்டபத்தில் ஒரு பெயர் இருந்தது. முகத்துக்கு நேராக முழு வேகத்தில் குத்தி, மூக்கு நுனிக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துவாள். எப்போது குத்தினாலும் அதே ஒரு விரல். எங்களுக்குப் பழக்குகிற சேர், புதியவர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்.

அவள் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டாள். ஒரே வயது, ஆனாலும் வேறு கிளப்பில் பழகி வந்தவள் என்ற மரியாதை.

"கண்டியில பெரிய போட்டிக்கெல்லாம் பெய்த்தீக்கிறீங்களா?" என்று ஒரு நாள் தண்ணீர் குடிக்கும்போது கேட்டாள்.

"பெருசா இல்ல," என்றேன். அது உண்மைதான். பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை.

வீட்டில் பயிற்சி நடந்தது. படிக்கிற அறையில், அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால், போனைப் பார்த்து. என் அறை சின்னது. பின்னால் ஒரு காலை வைத்தால் கட்டில் இடிக்கும். அதனால் பின்னால் போக வேண்டிய அடிகளையும் முன்னால் வைத்தே பழகினேன். திசைதானே மாறுகிறது, கை சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருந்தது. முகத்துக்கு நேராக எது வந்தாலும் என் கண் மூடிக்கொள்ளும். காலில் போடுகிற பழைய மேசு ஒன்றுக்குள் துணி அடைத்து, கொடியில் கட்டி ஆட்டிவிட்டு முன்னால் நின்று பார்த்தேன். மேசு வரும், கண் மூடும். அம்மா துணி எடுக்க வந்தவர், நான் ஒரு மேசுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு விரல் அகலம்

ஒன்பதாவது கராத்தே வகுப்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே நல்ல மழை. தகரக் கூரை அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய வாரம்தான் கண்டியில் நடக்கவிருந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் போட்டிருந்தார்கள். பெண்கள் பிரிவில் ரிஸ்னாவின் பெயர் முதலாவதாக இருந்தது. என் பெயரும் மேலதிக ஆளாகக் கீழே இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிஸ்னாவுக்கோ கால் தரையில் இல்லை. மூன்று வருஷமாகக் கராத்தே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அவளுடைய வாப்பா, போட்டி அன்றைக்கு மரக்கறிக் கடையைப் பூட்டிவிட்டு உம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

சேர் எங்களைச் சோடி சோடியாக எதிரெதிரே நிறுத்தினார். எனக்கு எதிரே ரிஸ்னா.

பயிற்சி இதுதான். அவள் முகத்துக்கு நேராக ஒரு குத்து விட வேண்டும். நான் ஒரு அடி பின்னால் வைத்து, முன்கையால் அதை மேலே தள்ள வேண்டும். வெள்ளை பெல்ட்காரர்களுக்கு மெதுவாக, ஒரு சாண் தள்ளியே நிறுத்திக் குத்துவார்கள். பச்சைக்கு முழு வேகம். நிறுத்த வேண்டிய இடம் ஒரு விரல் அகலம். அதைத் தாண்டிப் பட்டால் பிழை குத்தியவர் பேரில்; கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சேர் எண்ணினார். "இச்."

அவளுடைய தோள் அசைந்தது தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. கண் மூடிக்கொண்டது. கால் தானாக எழுந்து, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் எத்தனை மாலை பழகியதோ அதே மாதிரி, முன்னால் போனது.

மூக்குக்குள் ஒரு வெள்ளை வெளிச்சம். பிறகு சூடாக ஒன்று உதட்டில் இறங்கியது.

கண்ணைத் திறந்தபோது ரப்பர் பாயில் உட்கார்ந்திருந்தேன். சுரேன் அண்ணாவின் வெள்ளைச் சட்டையில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மதுஷா அக்கா தலையை முன்னால் குனிய வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டார். ரிஸ்னா அதே இடத்தில் நின்றாள். நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர் மறுபக்கத்துச் சோடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என்ன நடந்தது என்று அவளிடம் கேட்டார்.

கை நிற்கவில்லை சேர் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஈரக் கைக்குட்டைக்குப் பின்னால் என் வாய் இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னிடமே சொல்லிப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை.

பட்டியலில் இல்லாத பெயர்

"அடி வாங்குறதுக்குப் பல்லேபொலயில இருந்து மாத்தளைக்கு பஸ் ஏறிப் போகணுமா?" என்றார் அம்மா. "கேட்டிருந்தா வீட்டுலயே குடுத்திருப்பேனே." ஆனால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

விளக்கு வைக்கிற நேரம் போன் அதிர்ந்தது. கராத்தேக் குழுவில் புதிய பட்டியல். ரிஸ்னாவின் பெயர் இல்லை. கீழே சேரின் குறிப்பு: பயிற்சியில் முகத்தில் பட்டதால் ரிஸ்னாவுக்கு ஒரு மாதம் சோடிப் பயிற்சி இல்லை, போட்டியும் இல்லை. முதலாவது இடத்துக்கு வேறொரு பெயர் ஏறியிருந்தது. மேலதிக ஆளாக என் பெயர் அப்படியே இருந்தது.

ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். 'டைப்பிங்' என்று என் பெயருக்குப் பக்கத்தில் காட்டுமே, யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்று அதற்கும் பயந்து போனைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

புதன்கிழமை கன்ரீனில் ரிஸ்னா என்னைத் தேடி வந்தாள். கையில் மீன் வைத்துச் சுட்ட ஒரு பணிஸும் இரண்டு பனடோல் மாத்திரையும்.

"நோவு ஈக்கா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"மன்னிச்சுக்கோங்க தர்ஷி. எப்புடி நடந்துச்சுண்டு எனக்கே வெளங்கல்ல." மேசையில் பணிஸை வைத்துவிட்டுத் தன் வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். "ராவைக்கும் யோசிச்சேன். என்ட கை நின்டிச்சு எண்டுதான் எனக்குத் தோணுது. ஆனா ரத்தம் வந்தீக்கே. அப்ப நிக்கல்ல தானே?"

நான் பணிஸைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"வாப்பாகிட்ட வர வேணாண்டு சொல்லிட்டேன்," என்றாள். "சந்தோசமா கடையத் தொறப்பாரு."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், வேறு யாரும் இல்லை. ஆனால் அவள் இன்னும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த 'நீங்க' போய்விடும் என்று பயந்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகவா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அது சின்னதாக இல்லை.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். பணிஸை நான் சாப்பிடவே இல்லை, தூளாக்கி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலையிலேயே அதே பஸ்ஸில், அதே சிங்களத்தில், இன்னொரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். இது நீளமானது. அம்மன் கோயிலைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சேருக்குக் காய்ச்சல் வந்து பயிற்சி நடக்காமல் போக வேண்டும் என்று கேட்டேன்.

சேர் நல்ல சுகத்தோடு வந்திருந்தார்.

வரிசை நின்றது. ரிஸ்னா வந்திருந்தாள், பாய் விரிக்க உதவிவிட்டுச் சுவரோரமாகத் தனியே நின்றாள். எல்லோரும் குனிந்து வணங்கி நிமிர்ந்தோம். எண்ணிக்கை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சளவு நேரம் இருக்கும். கையைத் தூக்கினேன்.

பஸ்ஸில் செய்த நீள வாக்கியம் துண்டு துண்டாகத்தான் வந்தது. சேர், இது என்னுடைய பெல்ட் இல்லை. அண்ணாவுடையது. நான் கராத்தே பழகியதே இல்லை. இந்த ஒன்பது வகுப்புத்தான். அன்றைக்கு ரிஸ்னாவின் கை பிழை செய்யவில்லை, நான் பின்னால் போகவில்லை, முன்னால் போனேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் நின்ற வெள்ளை பெல்ட்கள் என் முதுகைப் பார்ப்பது தெரிந்தது.

சேர் அருகில் வந்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். எந்தக் கால் என்று கேட்டார். வலது என்றேன். செய்து காட்டச் சொன்னார். என் முகத்துக்கு நேராகத் தன் உள்ளங்கையை மெதுவாகக் கொண்டுவந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கண் மூடியது, வலது கால் எழுந்து முன்னால் போனது, அவருடைய கையிலேயே முட்டி நின்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். மதுஷா அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். சேர் சிரிக்கவில்லை. யார் இப்படிப் பழக்கினார்கள் என்று கேட்டார். கட்டில் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் நிறையப் பேசவில்லை. பெல்ட் இல்லாமல் கடைசி வரிசையின் கடைசி இடத்துக்குப் போகச் சொன்னார். என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவும், ரிஸ்னாவின் பெயரைத் திரும்பப் போடவும் மதுஷா அக்காவிடம் சொன்னார். கற்றுக்கொண்டு வராதது குற்றமில்லை, உன்னை நம்பி ஒருத்தி முழு வேகத்தில் கை நீட்டினாளே, அதை யோசி என்றார்.

எங்கள் மண்டபத்தில் பெல்ட்டைச் சரிசெய்வதென்றால் முன்னால் பார்த்துக்கொண்டு செய்யக் கூடாது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். திரும்பினேன். கழிவறையில் நாலு தடவை கட்டிப் பழகிய முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

சுவரோரத்தில் எனக்கு நேராக ரிஸ்னா நின்றாள்.

"அப்ப என்ட கை நின்டிச்சா?" என்று கேட்டாள். சத்தம் மிகவும் சின்னதாக இருந்தது.

"நின்னுச்சு. நான்தான் வந்து முட்டுனேன்."

"நீ கண்ண மூடிக்கிட்டு நின்டீக்கிற. ஒனக்கு எப்புடித் தெரியும்?"

'நீங்க' போய்விட்டது. அவள் கேட்டது நியாயம். கால் போனது எனக்குத் தெரியும். அவளுடைய கை நின்றதை நான் பார்க்கவில்லை.

"மூணு நாளா இந்தக் கையால சோறு திங்கவும் பயந்துபோய் ஈக்கிறேன்," என்றாள். "நீ சொல்லிட்டா சரியாப் பெய்த்துருமா?"

பிறகு மதுஷா அக்காவிடம் சிங்களத்தில் சொன்னாள்: பெயரை இப்போது போட வேண்டாம். என் கை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அவள் என்னை அழைத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவுக்குப் போனாள். பெல்ட் இல்லாத சட்டையை நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பார்த்தாள். தலைத்துணியிலிருந்து ஒரு ஊசியைக் கழற்றி நீட்டினாள்.

"உடுப்ப ஒழுங்காப் போடு. ரெண்டு கையும் கீழ ஈக்கணும். தடுக்காத. கால அசைக்காத. பத்துக் குத்து."

சேரைப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அருகில் வந்து நின்றார். தடுக்கவில்லை. மதுஷா அக்கா எண்ணத் தயாரானார்.

மூக்கு இன்னும் வீங்கித்தான் இருந்தது. தும்மினால்கூடக் கண்ணில் தண்ணீர் வரும். சட்டையை ஊசியால் குத்திக்கொண்டு இரண்டு கையையும் கீழே விட்டேன். இந்தப் பெண் என் மேல் கோபமாக இருக்கிறாள். இவளுக்கு இவளுடைய கையிலேயே நம்பிக்கை இல்லை. இருந்தும் என் முகத்தை இவளிடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன். ஓடிவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. அதே நேரம் இன்னொன்றும் விளங்கியது. செவ்வாய்க்கிழமை என் எதிரே நின்றபோது அவள் இதைத்தான் எனக்குச் செய்திருந்தாள். நம்பி நின்றிருந்தாள்.

"இச்."

காற்று வந்து மூக்கில் பட்டது. கை படவில்லை.

"நி." "சான்."

ஆறாவது குத்துக்குப் பிறகு அவள் நிறுத்தினாள். கையை உதறிவிட்டுத் தோளைச் சுழற்றினாள். என்னைவிட அவள் அதிகமாகப் பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மறுபடி நின்றாள். மூச்சை விட்டாள். அடுத்த நாலும் ஒன்றன்பின் ஒன்றாக, முழு வேகத்தில், கண்ணிமை மயிர் ஆடுகிற மாதிரி வந்து, வந்த இடத்திலேயே நின்றன.

பத்தாவது கையை அவள் உடனே எடுக்கவில்லை. என் மூக்குக்கும் அவள் விரல் முட்டிக்கும் இடையில் இருந்த இடைவெளியைச் சேர் குனிந்து பார்த்தார். ஒரு விரல்.

ரிஸ்னா கையை மடக்கினாள். இந்தத் தடவை அது அவளுடைய கைதான் என்பது போல, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயரைப் போடுங்கள் அக்கா என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வாப்பாவுக்குப் போன் எடுக்க வெளியே போனாள். என் பக்கம் திரும்பவில்லை. ஊசியையும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் நடந்து போய்க் கடைசி வரிசையின் கடைசி இடத்தில் நின்றேன்.

பத்துக் குத்துக்கும் கண் சிமிட்டாமல் நின்றேன் என்று எழுத எனக்கு ஆசைதான். பத்துக்கும் சிமிட்டினேன். கால் மட்டும் அசையவில்லை.